செல்வியின் இரண்டு இறால் குளங்கள்

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "மேடம், மைசூர்ல கடலே இல்லையே. இறாலுக்கு இங்க என்ன வேலை?"

நியாயமான கேள்விதான். ஹெப்பாளில் நம் தொழிற்சாலை வாசலில் நின்றால் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாகப் போவது தெரியும், எதிரே ஒரு டீக்கடை தெரியும். உப்புக்காற்று வர வழியே இல்லை. நாம் இறால் வளர்ப்பதில்லை. இறாலின் குடலுக்குள் போய் வாழவேண்டிய நல்ல நுண்ணுயிர்களை வளர்த்து, உலர்த்தி, பொடியாக்கி அனுப்புகிறோம். தீவனத்தோடு அதைக் கலந்து கொடுத்தால் அவை குடலில் இடம் பிடித்துக்கொள்ளும். கெட்ட கிருமிகளுக்கு இடம் குறையும், தின்றது ஒழுங்காகச் செரிக்கும். புரோபயாடிக் என்று டப்பாவில் எழுதியிருப்பது இவ்வளவுதான்.

இப்போது உங்களில் சிலர் தமிழ்நாட்டுக் கடற்கரைப் பண்ணைகளுக்குப் போகப்போகிறீர்கள். போகும்முன் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். பொடியை எப்படிக் கலப்பது, எவ்வளவு போடுவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அங்கே சொல்லித் தராத ஒன்றை எழுதுகிறேன். அது கடற்கரையில் நடந்ததல்ல. நம் பக்கத்திலேயே, கொள்ளேகாலத்தைத் தாண்டி ஒரு சிற்றூரில் நடந்தது.

அந்த ஊரில் கால்வாய்த் தண்ணீர் கசிந்து கசிந்து கொஞ்சம் நிலம் சேறாகிவிட்டது. நெல் அழுகியது. வேறு வழியில்லாமல் சிலர் அந்த நிலத்தைத் தோண்டிக் குளமாக்கி நன்னீர் இறால் விட்டார்கள். அவர்களில் ஒருவர் செல்வி. கணவர் மாதேசனுக்கு மாதேஸ்வரன் மலையில் பூசைச் சாமான் கடை. அமாவாசையும் திருவிழாவும் வந்தால் மலையிலேயே தங்கிவிடுவார். அதனால் குளங்களைப் பார்த்துக்கொண்டது முழுக்கச் செல்விதான். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, நடுவில் ஒரு வரப்பு. இரண்டும் ஒரே அளவு, ஒரே ஆழம். ஒரு பரிசோதனைக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது என்று எங்களுக்குத் தோன்றியது.

எங்களுக்கு என்றால் எனக்கும் என் மேலதிகாரிக்கும். அவரைச் சார் என்றே சொல்லிக்கொள்கிறேன். பேரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பாதி வாக்கியம் தமிழிலும் மீதி கன்னடத்திலுமாகப் பேசுவார்; 'இல்லையா' என்பதற்கு 'அல்வா' என்பார். நுண்ணுயிரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் கற்றுக்கொடுத்தது. நன்னீர் இறாலுக்கென்று ஒரு புதுப் பொடியை அவர் உருவாக்கியிருந்தார். ஆய்வகத் தொட்டியில் அது நன்றாகவே வேலை செய்தது. நிர்வாகமோ குளத்தில் காட்டுங்கள் என்றது. காட்ட முடியாவிட்டால் எங்கள் பிரிவை மூடிவிட்டு ஆட்களை வேறு பிரிவுகளுக்கு மாற்றிவிடும் பேச்சும் காதில் விழுந்தது. பிரிவில் இருந்தவர்கள் பாதிப்பேர் அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த பிள்ளைகள்.

பரிசோதனை எளிமையானது. செல்வியிடம் இரண்டு டிரம் கொடுத்தோம். நீல மூடி போட்டதில் நம் பொடி. வெள்ளை மூடி போட்டதில் நுண்ணுயிர் எதுவும் இல்லாத வெறும் அரிசித் தவிட்டுப் பொடி. வெல்லத் தண்ணீரில் ஊறவைத்துத் தீவனத்தின் மேல் தெளித்து, நிழலில் காயவைத்துப் போடவேண்டும். நீலம் கிழக்குக் குளத்துக்கு, வெள்ளை மேற்குக்கு. எதில் என்ன இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நீல மூடிப் பொடி ஊறும்போது இட்லி மாவு போலப் பொங்கிப் புளித்த வாசம் அடிக்கும். வெள்ளை அப்படியே கிடக்கும். சமையல் செய்கிற எவருக்கும் இரண்டாம் நாளே விஷயம் புரிந்துவிடும். செல்விக்கும் புரிந்துவிட்டது.

"மேடம், கெழக்கால குளத்துக்கு மட்டும்தானுங்களா மருந்து?" என்று போனில் கேட்டார்.

"அது மருந்து இல்ல செல்வி."

"என்னமோ ஒண்ணுங்க. இதுக்கு உண்டு, அதுக்கு இல்ல. அப்படித்தானுங்களே?"

ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அப்படிச் செய்கிறோம் என்று விளக்கினேன். சரிங்க என்றார். அந்தச் சரியில் சம்மதம் எவ்வளவு இருந்தது என்று தொலைபேசியில் தெரியவில்லை.

முதல் சில மாதங்கள் நல்லபடியாகப் போயின. மாதிரிக்குப் பிடித்துப் பார்த்தபோது கிழக்குக் குளத்து இறால்கள் கொஞ்சம் பெரிதாக இருந்தன. குடல் நிறைந்து, முதுகோரம் ஓடும் கோடு கறுப்பாகத் தெரிந்தது. சாருக்குச் சந்தோஷம். மைசூரின் மண்டி மொஹல்லாவில் தீவனக் கடை வைத்திருப்பவர்களிடமும் கடலோர வியாபாரிகளிடமும் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அறுவடை முடிந்ததும் மைசூரில் ஒரு கூட்டம் போட்டு எல்லோருக்கும் காட்டுவதாக ஏற்பாடு.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு வாரம் சூரியனே தலைகாட்டவில்லை. அப்போதுதான் ஒரு காலையில் செல்வியின் அழைப்பு வந்தது.

"மேடம், மேக்கால குளத்துல எறாலெல்லாம் கரைக்கு வந்து ஒட்டிட்டு நிக்குதுங்க. தீனியத் தொடவே இல்ல. கொஞ்சம் செத்து மெதக்குதுங்க. நீங்க ஒடனே வரோணும்."

கம்பெனி ஜீப்பில் கிளம்பினேன். போகும் வழியெல்லாம் கெட்ட கிருமி, நோய், விதைக்குஞ்சில் கோளாறு என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே போனேன். பொடி போடாத குளம்தானே, அதனால்தான் விழுந்துவிட்டது என்ற எண்ணமும் நடுவில் வந்தது. அது இனிப்பான எண்ணம். நாம் செய்த பொருள் ஜெயித்துவிட்டது என்று சொல்லும் எண்ணம். இந்த வேலையில் அப்படி இனிக்கும் எண்ணம் வரும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்தி இன்னொரு முறை பாருங்கள்.

வரப்பில் இறங்கியதும் மேற்குக் குளத்தின் நிறமே மாறியிருந்தது தெரிந்தது. பச்சையாக இருக்கவேண்டிய தண்ணீர் பழுப்பாகிக் கிடந்தது. வெயில் இல்லாததால் பாசி செத்து அடியில் படிந்திருந்தது. ஒரு கம்பை விட்டு அடிச்சேற்றை எடுத்துப் பார்த்தேன். கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். மூச்சுக்காற்று போதாமல்தான் இறால்கள் கரையோரம் மேல்தண்ணீருக்கு வந்திருந்தன. ஆனால் அதே வானம், அதே மழை, அதே பாசிதான் கிழக்குக் குளத்துக்கும். அங்கே இறால்கள் அடியில் அமைதியாக இருந்தன.

அப்போதுதான் கவனித்தேன். கிழக்கில், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரின் துடுப்புச் சக்கரம் தண்ணீரை அடித்துக்கொண்டு சுற்றியது. மேற்கில் அப்படி எதுவும் இல்லை.

"செல்வி, இந்தக் குளத்து ஏரேட்டர் எங்க?"

அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மோட்டார்ல காயில் போயிருச்சுங்க. கொள்ளேகாலத்துல கட்டக் குடுத்திருக்குது."

"எப்ப?"

"மழ புடிக்கறதுக்கு முன்னாலயேங்க. உங்ககிட்டச் சொன்னா பரிச்சையே வேண்டாம்னு நிறுத்திப்போடுவீங்களோன்னு சொல்லலீங்க. இன்னைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு அவங்களும் சொல்லிட்டே இருந்தாங்க."

ஆக, இரண்டு குளத்துக்கும் பொடி மட்டும் வித்தியாசம் என்று நாங்கள் மைசூரில் உட்கார்ந்து நம்பிக்கொண்டிருந்தோம். வேறொரு பெரிய வித்தியாசம் ஒரு பட்டறையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது.

சாருக்குப் போன் செய்தேன். முதலில் பாதி விஷயத்தைத்தான் சொல்ல முடிந்தது. மேற்குக் குளம் விழுகிறது என்றதுமே அவர் குரல் மாறிவிட்டது.

"கிழக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"பத்மா, கேளு. எதையும் தொடாதே. போட்டோ எடு, மாதிரி எடு. இதுதாம்மா ரிசல்ட். இதுக்குத்தானே இத்தன மாசம் காத்திருந்தோம், அல்வா?"

"சார், மேற்குல ஏரேட்டர் ஓடல. மோட்டார் ரிப்பேர்."

அவர் மெதுவாகச் சொன்னார். "அது உனக்கும் அந்தம்மாவுக்கும்தானே தெரியும்."

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். பிரிவு மூடப்பட்டால் போகப்போகிற பிள்ளைகளின் முகம்தான் அப்போது அவர் கண்முன் நின்றிருக்கும். எனக்கும் நின்றது. அழுத்தம் என்பது பெரும்பாலும் மோசமான மனிதர்களிடமிருந்து வருவதில்லை. நமக்கு வேண்டியவர்களிடமிருந்து, நல்ல காரணங்களோடுதான் வரும்.

"இப்ப உங்களுக்கும் தெரியும் சார்," என்றேன். "நான் குளத்தைக் காப்பாத்தப் பாக்கறேன். ரிசல்ட்ட அப்புறம் பேசுவோம்."

"பத்மா, பேடா, வேண்டாம்மா..." என்று ஆரம்பித்தார். போனை வைத்துவிட்டேன். அதற்கு முன் அவர் பேசும்போது நான் போனை வைத்ததில்லை.

திரும்பினால் செல்வி நீல மூடி டிரம்மை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

"மேடம், இத இப்ப இதுக்கும் போட்டுரலாமுங்களா? பரிச்ச கெட்டாக் கெட்டுட்டுப் போகுது. உசுரு போகுதுங்களே."

வேண்டாம் என்றேன். அவர் முகம் இறுகியது. அது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த நேரத்தில் நான் கம்பெனிக்காகப் பேசுகிறேன் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

"ஒளிச்சு வெக்கிறதுக்காகச் சொல்லல செல்வி. இப்ப இதுக்கு வேண்டியது காத்து. பொடிய தீனியிலதான் கலக்கணும், தீனியையே தொடாததுக்குப் பொடி எப்படி உள்ள போகும்? மேல கொட்டினா அடியில அழுகறது இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்."

உண்மையில் எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. பொடியையும் கொட்டி, காற்றையும் கொடுத்து, இறால் பிழைத்துவிட்டால் பொடிதான் காப்பாற்றியது என்று செல்வி நம்புவார். ஊரும் நம்பும். அடுத்த மழையில் மோட்டார் ரிப்பேரானால் பட்டறைக்கு ஓடாமல் டிரம்மைத் திறப்பார்கள். போடாததால் செத்தது என்று சார் சொல்லச் சொன்னதும், போட்டதால் பிழைத்தது என்று ஆகப்போவதும் ஒரே தப்பின் இரண்டு பக்கங்கள்.

அன்று முழுக்க வேலை. முதலில் இரண்டு குளத்துக்கும் தீனியை நிறுத்தினோம். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் இருவர் வந்தார்கள். கிழக்கிலிருந்த ஏரேட்டரைக் கயிறு கட்டி வரப்புக்கு இழுத்து மேற்கில் இறக்கினோம். கிழக்குக்கு என்ன செய்வது என்று அடுத்த கவலை. பாசன மோட்டாரால் அதே குளத்துத் தண்ணீரை இறைத்து, சாய்த்து வைத்த தகரத்தின் மேல் கொட்டித் திரும்பக் குளத்துக்குள் விழவைத்தோம். தகரத்தில் அடித்துச் சிதறும்போது தண்ணீர் கொஞ்சம் காற்றைப் பிடித்துக்கொள்ளும்.

கால்வாய்த் தண்ணீரை விடலாம் என்று செல்வி மதகுப் பக்கம் நடந்தார். மேலே யாராவது நெல்லுக்குப் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுத் திறக்கச் சொன்னேன். அவர் நின்ற இடத்திலிருந்தே மேல்வயல்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். யாரும் அடிக்கவில்லை என்று தெரிந்தபின் வலை கட்டித் திறந்தோம். அந்தச் சில நிமிடங்கள் காத்திருந்தது எனக்கு மிக நீளமாகத் தெரிந்தது. கண்ணெதிரே இறால் திணறும்போது விசாரித்துவிட்டுச் செய் என்று சொல்வது கல்நெஞ்சு போலத்தான் இருக்கும். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

பொழுது சாயும்போது கரையில் ஒட்டியிருந்த இறால்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கத் தொடங்கின. செத்தது செத்ததுதான். மேற்குக் குளத்தில் பாதியாவது மிஞ்சும் என்று நினைத்தேன். ஏறக்குறைய அப்படித்தான் ஆனது.

ஜீப்பில் ஏறும்போது செல்வி சொன்னார். "நீங்க மைசூருக்குப் போயிருவீங்க. நாந்தானுங்க தெனமும் ரெண்டு குளத்துலயும் முழிக்கோணும். எல்லாம் ஒரே பையில வந்த குஞ்சுங்க. ஒண்ணுக்குக் குடுத்து ஒண்ணுக்குக் குடுக்காம இருக்கறது என்ன பரிச்சைங்களோ."

எனக்குத் தெரிந்த பதிலெல்லாம் வகுப்பறைப் பதில்.

மைசூருக்குத் திரும்பியதும் சார் என்னிடம் சில நாள் பேசவில்லை. வேலை விஷயங்களை இன்னொருவர் வழியாகச் சொல்லி அனுப்பினார். ஏரேட்டர் ரிப்பேரானதையும் நான் அதை இடம் மாற்றியதையும் அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை அடிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. பரிசோதனை தொடரட்டும், அறுவடையில் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

அறுவடை வந்தது. வலை இழுத்துப் பார்த்தால் மேற்குக் குளத்து இறால்கள் கிழக்கைவிடப் பெரிதாக இருந்தன. எண்ணிக்கை குறைந்ததால் ஒவ்வொன்றுக்கும் இடமும் தீனியும் அதிகமாகக் கிடைத்திருக்கும், அதில் ஆச்சரியமில்லை. ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. மேற்கு இறால்களின் குடல் கிழக்கு இறால்களின் குடல் போலவே இருந்தது. அப்படி இருக்க வேண்டியதில்லையே.

மாதிரிகளை ஹெப்பாளுக்குக் கொண்டுவந்து வளர்ப்புத் தட்டில் போட்டோம். நம் நுண்ணுயிர் வளர்ந்தால் சுட்ட அப்பளம் போலச் சுருக்கம் விழுந்த உலர்ந்த வட்டமாக வரும். கிழக்குத் தட்டுகளில் வந்தது. மேற்குத் தட்டுகளிலும் வந்தது. மரபணுச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்தோம். சந்தேகமில்லை, நம்முடையதேதான்.

ஆய்வகத்தில் இருந்த ஒரு பையன் சட்டென்று சொல்லிவிட்டான். "அந்தம்மா ஏமாத்திட்டாங்க மேடம்."

அவசரப்படாதே என்றேன். ஏரேட்டரைக் கிழக்கிலிருந்து மேற்குக்கு இழுத்தது நானே. அதோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். வரப்பில் நண்டு வளை போட்டிருந்தால் தண்ணீர் கசிந்திருக்கலாம். அப்படித் தொற்றியிருந்தால் சிறிதளவுதான் இருக்கும். மறுபடி எண்ணிப் பார்த்தோம். தட்டு முழுக்க இருந்தது. தீனியோடு போய்க்கொண்டே இருந்தால்தான் அவ்வளவு இருக்க முடியும். மற்ற வழிகளையெல்லாம் தள்ளியபிறகுதான் கொள்ளேகாலத்துக்குக் கிளம்பினேன்.

செல்வி காய்ந்துபோன குளத்தில் அடிச்சேற்றை வாரிக்கொண்டிருந்தார். கரையேறி வந்து உட்கார்ந்தார். நான் கேட்கும் முன்பே என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"கண்டுபுடிச்சுட்டீங்களா?"

"கேக்கத்தான் வந்தேன்."

"போட்டேனுங்க. அன்னைக்கு நீங்க போனதுக்கப்புறம், அதுக மறுபடி தீனி எடுக்க ஆரம்பிச்சதும் போட்டேன். நீலத்துல பாதி இங்க, பாதி அங்க. உங்களுக்கு டிரம்மு சீக்கிரம் தீந்துபோச்சுன்னு தெரியக்கூடாதில்லீங்களா."

"வெள்ளை மூடிப் பொடி?"

"அது தவுடுதானுங்களே. கோழிக்குப் போட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. ஏறக்குறைய ஒரு வருட வேலை. போடாத குளத்துக்குப் பாதி, போட்ட குளத்துக்கும் பாதி. எதை எதோடு ஒப்பிடுவது?

"செல்வி, இப்ப இந்தப் பொடி வேலை செய்யுதா இல்லையான்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அடுத்த வருஷம் இதையே நம்பிப் போடப்போற யாருக்கும் தெரியாது."

அவர் கால் விரலால் மண்ணைக் கீறினார். "அது எனக்கு அப்ப ரோசனையில வரலீங்க. அந்தக் குளந்தான் தெரிஞ்சுது," என்றார்.

அவரைத் திட்டத்தான் போயிருந்தேன் என்று நினைக்கிறேன். திட்ட வரவில்லை. திரும்பும்போது ஜீப்பில் யோசித்தேன். செல்வி என்ன செய்திருக்க வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம்? தன் கையாலேயே ஒன்றுக்குக் கொடுத்து இன்னொன்றுக்கு மறுத்து, அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று. வாசத்தைக் கொண்டே எது எது என்று தெரியும்படி இரண்டு டிரம்மையும் அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தோம். அவர் மனதைக் கல்லாக்கிக்கொண்டால்தான் நடக்கும் என்ற மாதிரி ஒரு பரிசோதனை அது. மனிதர்களைக் கல்லாகும்படி சொல்லும் பரிசோதனை தோற்றால் மனிதர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல் பக்கம் நின்று கேட்டார். ஷிப்டு முடிந்து பேருந்துகள் கிளம்பிக்கொண்டிருந்தன.

"மொத்தமும் போச்சு, அல்வா?" என்றார்.

"மழை வர்றதுக்கு முன்னால எடுத்த மாதிரிகள் இருக்கு சார். அதுவரைக்கும் வித்தியாசம் தெரிஞ்சது. ஆனா ரெண்டே ரெண்டு குளம். அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"வியாபாரிகள வரச் சொல்லியாச்சும்மா. நான் என்ன சொல்றது?"

"இதைத்தான்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "அப்போ நீயே சொல்லு."

சொன்னேன். மைசூரில் ஒரு ஓட்டல் மாடியில் கூட்டம். இனிப்பும் காரமும் தட்டில் வைத்திருந்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுந்து நின்று சொன்னேன். மண்டி மொஹல்லாக் கடைக்காரர் ஒருவர், எங்களிடம் நெடுநாளாகச் சரக்கு எடுப்பவர், முன்வரிசையிலிருந்து கன்னடத்தில் கேட்டார். "கடைசியா என்ன சொல்றீங்க? வேலை செய்யுமா, செய்யாதா?"

"இன்னும் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா டிபன் கொடுத்துக் கூப்பிட்டீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து சார் எழுந்தார்.

"இன்னொரு பருவம் கொடுங்க. இந்தத் தடவை நெறையக் குளத்துல பாக்கறோம். வேலை செஞ்சா செய்யுதுன்னு இதே அம்மா வந்து சொல்வாங்க. செய்யலன்னா அதையும் இவங்கதான் சொல்வாங்க. அப்போ நீங்க சும்னே, யோசிக்காம நம்பலாம்," என்றார்.

அன்று ஒரு மூட்டைக்குக்கூட யாரும் சொல்லி வைக்கவில்லை. நிர்வாகத்திடம் இன்னொரு பருவம் வாங்க சார் எவ்வளவு பேச வேண்டியிருந்தது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. வாங்கிவிட்டார். என்னிடம் அதைப் பற்றிப் பெருமையாகவோ குறையாகவோ ஒன்றும் பேசவில்லை. போனை வைத்ததைப் பற்றியும் அதன்பின் கேட்கவில்லை.

இரண்டாம் பருவத்துக்கு மறுபடி செல்வியிடமே போனேன். வரமாட்டேன் என்பார் என்று நினைத்தேன். யோசித்துவிட்டு இரண்டு விஷயம் கேட்டார்.

"குளம் சீக்காச்சுன்னா உங்க ஆபீசுக்குப் போன் போட்டு உத்தரவு கேக்க மாட்டேனுங்க. காப்பாத்தறதுக்கு என்ன செய்யோணுமோ செஞ்சுட்டு அப்புறம்தான் சொல்லுவேன்."

"சரி. ஆனா என்ன செஞ்சீங்கன்னு ஒளிக்காமச் சொல்லணும்."

"சொல்லறனுங்க. இன்னொண்ணு. இந்தத் தடவ எந்தக் குளத்துக்கு மருந்துன்னு எனக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா மறுபடியும் போட்டுருவேன். என்ற மனசு எனக்குத் தெரியுமுங்க."

எதில் என்ன என்று மறைத்துச் செய்யும் இந்த முறையை நீங்கள் கல்லூரியில் பெரிய பெரிய வார்த்தைகளில் படித்திருப்பீர்கள். நானும் படித்தேன். எதற்காக அப்படிச் செய்கிறோம் என்பது எனக்கு அன்று அந்த வரப்பில்தான் சரியாகப் புரிந்தது. கள்ளத்தனத்தைத் தடுப்பதற்கு மட்டுமல்ல. பார்த்துக்கொள்கிறவரின் மனதிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைப்பதற்கும்தான்.

இந்த முறை டிரம் கிடையாது. தொழிற்சாலையிலேயே தீவனத்தில் கலந்து, மேலே எண்ணெய் பூசி, வாசமோ நிறமோ வித்தியாசம் தெரியாத மூட்டைகளாக அனுப்பினோம். செல்வியின் குளங்களோடு அக்கம்பக்கத்தாரின் குளங்களையும் சேர்த்துக்கொண்டோம். எது எதற்கு என்பது சாருக்கு மட்டும்தான் தெரியும். நானும் தெரிந்துகொள்ளவில்லை. எல்லாக் குளத்துக்கும் ஏரேட்டர் ஓடுகிறதா என்று வாராவாரம் பார்த்தோம். மழை வந்தது. ஒரு குளத்தில் பாசி செத்தது. அந்தக் குளத்துக்காரர் எங்களைக் கேட்காமல் தண்ணீர் மாற்றிவிட்டு, பிறகு சொன்னார். எழுதிக்கொண்டோம். யாரும் யாரிடமும் கத்தவில்லை.

அறுவடை முடிந்து கணக்குப் பார்த்ததில், பொடி போட்ட குளங்களில் இறால்கள் கொஞ்சம் அதிகமாகப் பிழைத்திருந்தன, கொஞ்சம் சீராக வளர்ந்திருந்தன. சார் ஆசைப்பட்ட அளவு இல்லை, ஆனாலும் இருந்தது. மண்டி மொஹல்லாக் கடைக்காரரிடம் அதையேதான் போய்ச் சொன்னேன், அடியில் தண்ணீர் கெட்டால் இது உதவாது என்பதையும் சேர்த்து. பிரிவு மூடப்படவில்லை. உங்கள் மேசைகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

அந்தக் கணக்குக்கு முன், கடைசியாகச் செல்வியின் குளங்களில் வலை இழுத்த அன்று நான் அங்கே இருந்தேன். இறாலையெல்லாம் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி வண்டி ஏற்றியபிறகு, இப்போதாவது சொல்லுங்கள் என்றார். எனக்கும் தெரியாது என்றால் நம்பவில்லை. சாருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன்.

"நீங்க எதுன்னு நினைச்சீங்கம்மா?" என்று சார் கேட்டார்.

"கெழக்கு. அதுல எறங்கறப்பவே ஒரு தெளிச்சி தெரிஞ்சுதுங்க. மேக்கால குளந்தான் பாவம், போன வருசமும் அதுக்குத்தான் அடி, இந்த வருசமும் அதுக்கு ஒண்ணும் இல்ல. அதனாலயே அந்தக் கரையில கொஞ்சம் சாஸ்தி நேரம் உக்காந்திருப்பேன். மத்தபடி கூட ஒண்ணும் போடலீங்க, சத்தியமா."

"மேற்குலதான்மா பொடி," என்றார் சார்.

செல்வி வாயில் கை வைத்துக்கொண்டார்.

"அப்போ ஒரு வருசமா தப்பான குளத்துக்குப் பரிதாபப்பட்டுட்டு இருந்தேனுங்களா?" என்றவர், வரப்பில் எழுந்து நின்று கிழக்குக் குளத்தைத் திரும்பிப் பார்த்தார்.